மரத்துக்கு அம்மை

மாதப்பன் அண்ணனைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல என் வாயைத்தான் திட்டணும். எனக்கு வாய் நீளம்னு எங்கம்மா சின்ன வயசுலயே சொன்னாங்க.

பாப்பாரப்பட்டி பக்கத்துல அவருக்கு ரெண்டு ஏக்கர் கொய்யா. பதினாறு வருஷம் ஓசூர்ல கிரானைட்டுக்குப் பாலிஷ் போட்டு, தூசியைத் தின்னு, நெஞ்சு இழுக்க ஆரம்பிச்சதும் ஊருக்கு வந்து நட்ட மரங்க. புள்ளைங்க இல்லை. அவரும் சம்சாரம் செல்லியக்காவும் ஒவ்வொரு மரத்தையும் அவன், இவன்னுதான் பேசுவாங்க. வேற வேலைக்குப் போக அந்த நெஞ்சுல தெம்பு கிடையாது. தோட்டம் போனா எல்லாம் போச்சு.

போன வருஷம் மூணு மரத்துல காயெல்லாம் நீர் கோத்த கொப்புளம். நான் டெக்னீஷியனா இருக்கிற லேபுக்கு இலையும் காயுமா கட்டிக்கிட்டு வந்தாரு. அதுல இருந்த கிருமியைத் தட்டுல வளர்த்தோம். மஞ்சளா ஒரு பாக்டீரியா வந்துச்சு. ஜீனைப் படிச்சுப் பார்த்தா தெரிஞ்ச எந்த இனத்தோடயும் ஒத்துப்போகலை. புதுசு! எங்க சயின்டிஸ்ட் ஐயா எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தாரு. நானும் ரெண்டு தின்னேன், வெக்கங்கெட்டவ.

சாயங்காலம் அவருக்குப் போன் போட்டேன்.

"என்ன நோயிங்க மேடம்?"

"இன்னும் பேரு இல்லைங்கண்ணா. மரத்துக்கு அம்மை போட்ட மாதிரின்னு வெச்சுக்குங்க. ஒண்ணுலருந்து ஒண்ணுக்கு ஒட்டும். அந்த மூணையும் வெட்டி எரிச்சிடுங்க."

சரிங்கன்னு போனை வெச்சிட்டாரு. நான் பாட்டுக்கு அதை மத்த இனங்களோட ஒப்பிடுற வேலையில விழுந்துட்டேன். அஞ்சு வாரம் கழிச்சுத்தான் மறுபடி சாம்பிள் எடுக்கப் போனேன்.

அடக் கடவுளே! தோட்டம் பூரா கொப்புளம். அந்த மூணு மரமும் வெட்டாம நிக்குது, கிளைக்குக் கிளை வேப்பிலை சொருகி.

"ஏண்ணா வெட்டலை?"ன்னு கத்தினேன்.

செல்லியக்காதான் பதில் சொன்னாங்க. "ஆத்தா எறங்கியிருக்கிற எடத்துல கத்தி வெப்பாங்களா கண்ணு? மூணு தண்ணி ஊத்திட்டோம். மஞ்சத்தண்ணியில வேப்பிலையை முக்கி, மொதல்ல அந்த மூணுக்கும், அப்புறம் எல்லாத்துக்கும் தெளிச்சோம். ஒண்ணையும் விடலை."

ஒரே குடம், ஒரே வேப்பிலைக் கொத்து. அந்த நோய் பரவுறதே தண்ணியிலதான். வரப்புலயே உக்காந்துட்டேன். நானும் இந்த ஊர்ப் பக்கம் பொறந்தவதானே? அம்மைன்னு சொன்னா வூட்டுல என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாதா?

உள்ளதைச் சொன்னேன். செல்லியக்கா வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க. மாதப்பன் அண்ணன் மரங்களையே பார்த்துக்கிட்டு நின்னாரு. அடுத்த வாரம் பொக்லைன் வந்து இருநூத்தி நாப்பது மரத்தையும் பிடுங்கிப் போட்டுச்சு.

இந்தத் தையில அவரு லேபுக்கு வந்தாரு. படியேறினதுக்கே மூச்சு வாங்கிச்சு. அந்தக் கிருமியைப் பார்க்கணும்னாரு. தட்டை எடுத்துக் காட்டினேன். மஞ்சள் மஞ்சளா புள்ளிங்க, நல்லா செழிப்பா இருந்துச்சு.

"இதுக்கு என்ன பேரு வெச்சீங்க மேடம்?"

"இன்னும் வெக்கலைங்கண்ணா."

அவருக்குக் கோவமே இல்லை. "நீங்கதான் அன்னிக்கே வெச்சிட்டீங்களே"ன்னாரு.