சாவி கைமாறிய ஊர்

லாண்டரி அக்கா எங்கள் ஆபீஸுக்குள் வந்தால் முதலில் பார்ப்பது என் சட்டைக் காலரைத்தான். வக்கீல் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டும் எனக்கு இந்த ஊரில் கிடைக்கிற அதிகபட்ச கவனிப்பு அது. அன்றைக்கு வந்தவர் காலரைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டுவந்த நோட்டீஸை மேஜைமேல் வைத்து, மடிப்பை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். எதைக் கண்டாலும் சுருக்கம் எடுக்கிற கை.

நோட்டீஸ் அனுப்பியவர் அவருடைய லாண்டரிக் கடையை விலைக்கு வாங்கியவர். இரவெல்லாம் ரயிலில் போனால்தான் வரும் நகரத்தில் அவருக்கு ஆபீஸ். ஊர் ஊராகக் கடைகளை வாங்கிப் போடுகிறவர். விற்றபின் அதே தொழிலைச் செய்யமாட்டேன் என்று அக்கா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். இப்போது வீட்டுக்குள் உட்கார்ந்து அக்கம்பக்கத்தார் துணிக்கு இஸ்திரி போடுகிறார். அதையும் நிறுத்து என்கிறது நோட்டீஸ். ஒரே ஒரு இஸ்திரிப் பெட்டி அவ்வளவு பெரிய முதலாளிக்கு வயிற்றைக் கலக்கிவிட்டதே என்று நான் கேலி செய்தேன். அக்கா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவர் எதற்கும் முகம் மாறி நான் பார்த்து நாளாகிவிட்டது.

கடையை விற்றதே வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்ததால்தான். நடமாடிய காலத்தில் அந்த மனிதர் சரியான பிடிவாதக்காரர். வீடு வீடாகக் கொண்டுபோகும் இஸ்திரித் துணியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வருகிற பழக்கமே அவரிடம் கிடையாது. வீடு பூட்டியிருந்தால் மூட்டையைத் திரும்பக் கொண்டுபோய், மறுபடி வருவார். உரியவர் கையில் சேர்த்தால்தான் அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஒருமுறை என் மச்சான் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றும் கொடுக்காமல் போய்விட்டார். அன்றைக்கு நான் கல்யாணத்துக்குக் கசங்கின சட்டையோடு போய் நின்றேன். இன்னும் எனக்கு ஆறவில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகும் அவர் அரைகுறையாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார். கடை கைமாறிய சமயத்தில், அக்கா ஊரில் இல்லாத ஒரு ராத்திரி, நாத்தனார் பக்கத்து அறையில் தூங்க, தனியாக பாத்ரூம் போகப் பார்த்து விழுந்தார். இருந்த பேச்சும் போயிற்று. அக்கா எந்த வேலையாக வெளியூர் போனார் என்று யாரும் கேட்கவில்லை. அதன்பிறகு அக்கா ஒரு ராத்திரிகூட வீட்டுக்காரர் கட்டிலை விட்டு நகர்ந்ததில்லை.

எங்கள் வக்கீல், வீட்டில் இஸ்திரி போடுவது தொழிலாகாது என்று இங்கேயே வழக்குப் போட்டார். எதிராளி இஸ்திரியைப் பற்றி வாயே திறக்கவில்லை. இந்த ஊர் கோர்ட்டே இதை விசாரிக்க முடியாது என்றார். தகராறு வந்தால் வியாபாரம் ஒப்படைக்கப்பட்ட ஊரின் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. கடைச் சாவி தன் ஆபீஸில் தன் கையில் கொடுக்கப்பட்டதாம். கடை இங்கே இருக்க, சாவியை எந்த மடையன் அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போவான் என்று நானும் வக்கீலும் சிரித்தோம்.

“நான்தான் போனேன்” என்றார் அக்கா.

பக்கத்து மருந்துக் கடையில் சாவியைக் கொடுத்துவிடுங்கள், என் ஆள் வந்து வாங்கிக்கொள்வான் என்றுதான் அந்த முதலாளி போனில் சொன்னாராம். வீட்டுக்காரர் கோணிய வாயோடு ‘நேர்ல குடு’ என்று விடாமல் சொல்லியிருக்கிறார். அக்கா சாவிக்கொத்தைச் சட்டையைப் போலவே பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, ரயிலேறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வாங்கியவருக்கே அது எதற்கென்று புரியவில்லையாம்.

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எதிராளியிடம் ஒரு அத்தாட்சியும் இல்லை, போகவில்லை என்று சொன்னால் வழக்கு இங்கேயே நிற்கும் என்றார். வழக்கு அங்கே போனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு ராத்திரி ரயிலில் கழியும், வீட்டில் இருப்பவரை யார் பார்ப்பது என்றும் கேட்டார். அக்கா எழுந்து போய்விட்டார்.

கோர்ட் அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. நீதிபதி சுற்றி வளைக்காமல் அக்காவிடமே கேட்டார்.

“சாவியை எங்க வச்சுக் குடுத்தீங்க?”

“அவர் ஆபீஸ்ல. அவர் கையில.”

“அவர் கொண்டுவரச் சொன்னாரா?”

“இல்லைங்க. அவர் இங்கயே குடுக்கச் சொன்னார். நான்தான் போனேன்.”

பஸ் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டவருக்கு வழி சொல்கிற குரல். எதிர்த்தரப்பு வக்கீல் வாதாட ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்திருந்தார். அதைப் பிரிக்கவே தேவைப்படவில்லை. ஒப்படைப்பு நடந்தது அந்த நகரத்தில், வழக்கை அங்கே போட்டுக்கொள்ளுங்கள் என்று எங்கள் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வராந்தாவில் எனக்குப் பொறுக்கவில்லை. கட்சிக்காரரிடம் குமாஸ்தா பேசக்கூடாத தொனியில் பேசினேன்.

“போகலைன்னு ஒரு வார்த்தை, அக்கா. கேஸ் இங்கயே இருந்திருக்கும். இனிமே அவரை யார்கிட்ட விட்டுட்டுப் போவீங்க?”

அக்கா மனுவை முழங்கால்மேல் வைத்து ஓரங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“போகலைன்னு சொன்னா, அன்னைக்கு ராத்திரி நான் வீட்ல இருந்தேன்னு ஆயிடும், தம்பி” என்றார். “நான் வீட்ல இருந்திருந்தா அவர் விழுந்திருக்க மாட்டாரே.”

அவர் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழவில்லை. கண் உலர்ந்துதான் இருந்தது. நான் மனுவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த நகரத்துக்குப் போகிற ராத்திரி ரயில் இன்னும் பழைய நேரத்துக்குத்தான் கிளம்புகிறதா என்று அக்கா கேட்டார். அதே நேரம்தான் என்றேன்.