நாற்பது நாள் கிடந்த ரம்பம்

அப்பா இறந்த நாற்பதாம் நாள் ஓதி முடித்து, வந்தவர்கள் கூஸ்கூஸ் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். மறுநாள் காலையில்தான் வஜ்தி கொட்டகைக் கதவைத் திறந்தான். அதுவரை அப்பாவின் சாமான்களை யாரும் தொடக் கூடாது என்பது அம்மா மன்னூபியாவின் கட்டளை.

தோப்பிலிருந்து யாரோ தூக்கிவந்து வைத்த இடத்திலேயே சங்கிலி ரம்பம் கிடந்தது. ஒரு கையில் அடங்குகிற சின்ன ரம்பம். சங்கிலியை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

அப்பா பெல்ஹசன் முப்பத்தோரு வருடம் ஒலிவ மரங்களின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தவர். தெபுர்சூக் மலைச்சரிவுகளில் அவர் கைபடாத தோப்பு குறைவு. ஏணி வைக்கும் முன் மரத்தை மூன்று முறை சுற்றி வருவார். சங்கிலிக்குக் கடை எண்ணெய் வாங்க மாட்டார். போன வருடத்து ஒலிவ எண்ணெயின் அடிமண்டியை வடிகட்டி ஊற்றுவார். மரத்தூளோடு சேர்ந்தால் அது பிசினாகும் என்று வஜ்தி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். அவர் வாதாடியதில்லை. தினமும் வேலை முடிந்ததும் ஒவ்வொரு பல்லாகத் துடைத்து வைப்பார், அவ்வளவுதான்.

ஜனவரியில் பக்கத்துத் தோட்டக்காரி ஜாஸியாவின் தோப்பில், மூன்றாவது மரத்தடியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று ரம்பத்தை யாரும் துடைக்கவில்லை.

ஜாஸியா தனியாள். அறுபது மரம். "மீதியை என் மகன் வெட்டுவான்" என்று துக்க வீட்டில் எல்லோர் முன்னாலும் அம்மா சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு, தங்கள் மரங்களுக்கும் ஆள் கிடைத்துவிட்டதாக இன்னும் நாலு தோப்புக்காரர்கள் தலையாட்டினார்கள். வஜ்தி பிஸெர்த்தா துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். திங்கட்கிழமை போய் நிற்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான்.

ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு, ஊரில் மெஷின் பழுதுபார்க்கும் ஷாத்லியின் பட்டறைக்குப் போனான்.

"என்னப்பா, பேரீச்சம்பழப் பாகுல முக்கி எடுத்த மாதிரி இருக்கு?"

"அப்பா ஒலிவ எண்ணெய்தானே ஊத்துவாரு."

"தெரியுமே. சாப்பாட்டுல ஊத்துனதைவிட இதுலதான் அதிகமா ஊத்தியிருப்பாரு. நான் அவரைத் திட்டாத வருஷமே கிடையாது." ஷாத்லி சட்டென்று நிறுத்தினார். துணியில் கையைத் துடைத்தார். "நீயே பிரிச்சுப் பாரு. தேறுமா தேறாதான்னு நீ சொல்லு. உங்கம்மா கேட்டா அதையே நானும் சொல்லிடறேன்."

வஜ்தி மூடியைக் கழற்றினான். பிளக்கை எடுத்துவிட்டுக் கயிற்றை இழுத்தான். பிஸ்டன் வழுக்கிக்கொண்டு போய் வந்தது. சிலிண்டரில் கீறல் இல்லை. கிளட்சும் ஆயில் பம்பும் மட்டும் பிசினில் ஒட்டிக் கிடந்தன. சுடச்சுட மண்ணெண்ணெயில் அரை நாள் ஊறினால் போதும்.

எதுவும் உடையவில்லை. அவனுக்கு வருத்தமாக இருந்தது. ஒரே ஒரு கீறல் இருந்திருந்தால் மனம் உறுத்தாமல் பஸ் ஏறியிருப்பான்.

"தேறாது" என்றான். ஒரு மெஷினைப் பற்றி அவன் சொன்ன முதல் பொய்.

ஷாத்லி அவன் முகத்தையே பார்த்தார். "சரி. தேறாது." திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தேறாதாம்மா."

"ஷாத்லி சொன்னானா, நீ சொல்றியா?"

"ரெண்டு பேரும்தான்."

"அப்ப புதுசு வாங்கு."

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தான்.

"பழசோ புதுசோ, வெட்டப்போறவன் நீதானே? நான் மெஷினைப் பத்தியா கேட்டேன்?"

"திங்கட்கிழமை போகலைன்னா வேலை போயிடும்மா."

"கிரேனுக்கு ஆள் கிடைப்பாங்க. ஜாஸியாவுக்கு யாருடா கிடைப்பா? ஜனவரி கழிஞ்சு பிப்ரவரியும் போயிடுச்சு, இனி எப்ப வெட்டறதுன்னு தினம் கேக்கறா."

"வாக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"அன்னிக்குத் தேநீர்க் குவளையோட வாசல்லதானே நின்ன? காதுல விழுந்துச்சில்ல? வாயைத் திறந்தியா?"

திறக்கவில்லைதான். அன்று அவனுக்கு எதற்கும் வாய் வரவில்லை.

எழுந்து ரம்பத்தோடு கொட்டகைக்குப் போனான். மண்ணெண்ணெயைச் சுடவைத்து, கிளட்சையும் பம்பையும் கழற்றி அதில் ஊறப்போட்டான். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சங்கிலியைத் தேய்த்தான். மஞ்சள் பசையாக மரத்தூள் வழிந்தது. மூன்றாவது மரத்தின் தூள். அதைக் கீழே கொட்ட மனம் வராமல் பழைய துணியில் வழித்து வைத்தான்.

மாலைத் தொழுகை அழைப்பு வருவதற்குள் சங்கிலி ஒற்றை விரலுக்கு ஓடியது. இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது.

சத்தம் கேட்டு அம்மா கொட்டகை வாசலுக்கு வந்தாள். தேறாதென்றாயே என்று கேட்கவில்லை. கையில் ஒலிவ எண்ணெய் பாட்டிலை வைத்திருந்தாள். அவன் எஞ்சினை அணைத்தான்.

"இதை ஊத்தக் கூடாதும்மா. சும்மா கிடந்தா மறுபடியும் ஒட்டிக்கும்."

"சும்மா எதுக்குக் கிடக்கப்போகுது?"

பாட்டிலை வாங்கி, சங்கிலிக்கான எண்ணெய் டேங்கில் ஊற்றினான். சுவருக்கு அப்பால், எஞ்சின் சத்தம் கேட்ட ஜாஸியா நாலாவது மரத்தை நோக்கி ஏணியை இழுத்துக்கொண்டிருந்தாள்.