புது ஆள்

உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. இரும்பாலை வாசலில், காவலர் அறையை ஒட்டிய சுவரில் அதைப் பதித்திருந்தார்கள். வேலைக்கு வருகிறவர்கள் வரிசையில் வந்து அதன் முன்னால் முகத்தைக் காட்டுவார்கள். கண் சிமிட்டும் நேரத்தில் பச்சை விளக்கு எரியும், ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் நன்றி சொல்லும், அடுத்த ஆள் நகர்வார். அன்று காலை ஷிப்டுக்குச் சித்தப்பாவை என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டிருந்தேன். தீக்காயம் ஆறி அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள். தனியாக அனுப்பாதே என்று சித்தி சொல்லியிருந்ததால், அவர் உள்ளே போகும்வரை வாசலிலேயே நின்றேன். சித்தப்பா முகத்தைக் காட்டினார். சிவப்பு எரிந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டுக் காட்டினார். மறுபடியும் சிவப்பு. தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு இன்னும் கிட்டே போய் நின்றார். பொருந்தவில்லை என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. காவலர் எழுந்து வந்து, ஓரமாக நில்லுங்கள் என்று தணிந்த குரலில் சொன்னார். சித்தப்பா ஓரமாக நின்றார். என்னைப் பார்த்து, தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டவரைப் போலச் சிரித்தார். வலது கன்னத்தில் தோல் இறுகிப் போயிருந்ததால் அந்தச் சிரிப்பு பாதி முகத்தில்தான் வந்தது.

அப்போது நான் சென்னையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். டிஜிட்டல் தொழில்நுட்பமும் செயற்கை நுண்ணறிவுக் கொள்கையும் என்பது படிப்பின் பெயர். ஆரம்பாக்கத்தில் அதைச் சொல்லிப் புரியவைப்பது பெரும் பாடு. பொன்னேரியில் பி.சி.ஏ. முடித்தவள் ஏன் நேராக ஒரு கம்பெனியில் சேரவில்லை என்று எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டார்கள். சித்தப்பாதான் அதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். அந்தப் படிப்பில் சேர நேர்முகத் தேர்வுக்கு என்னை அழைத்துக்கொண்டு ரயிலில் போனபோது, எதிரில் இருந்த தெரிந்தவரிடம், “கம்பூட்டரு தப்பு பண்ணா அதக் கேக்கறதுக்குச் சட்டம் எழுதுவாங்கோ இல்ல, அந்தப் படிப்பு,” என்றார். எங்கள் துறையின் முதல் நாள் வகுப்பில் பேராசிரியை ஒரு மணி நேரம் சொன்னதன் சாரம் கிட்டத்தட்ட அதுதான். நைனா, அதாவது என் அப்பா, இறந்த பிறகு என் படிப்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய இடத்தில் எல்லாம் அவர்தான் இருந்தார். பிள்ளை இல்லாதவர். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலையில், உலைப் பக்கம் வேலை. ஒப்பந்தத் தொழிலாளிதான். ஆனாலும் என் பள்ளிக்கூட நாளிலிருந்து அதே ஆலை, அதே உலை.

ஈரமான கழிவு இரும்பு உலைக்குள் விழுந்தால் உருகிய இரும்பு பொங்கித் தெறிக்கும். அப்படித்தான் நடந்தது. முகத்தின் வலப் பக்கமும், மறைக்கத் தூக்கிய வலது கையும் வெந்துபோயின. பல மாதங்கள் சென்னையில் ஆஸ்பத்திரி வாசம். தொடையிலிருந்து தோலை எடுத்துக் கன்னத்தில் வைத்தார்கள். புருவம் போயிற்று. ஒரு கண்ணின் ஓரம் கீழே இழுத்துக்கொண்டது. மூக்கின் ஒரு பக்கம் சப்பையானது. சித்தியும் நானும் மாறி மாறி இருந்தோம். தீக்காய வார்டின் வெளி வராந்தாவில் உட்கார்ந்துதான் அந்தப் பருவத் தேர்வுக்குப் படித்தேன். முகத்தை அடையாளம் காணும் கருவிகள் என்று ஒரு பாடம் இருந்தது. கண்களுக்கு நடுவே உள்ள தூரம், மூக்கின் அகலம், தாடையின் வளைவு, இவற்றையெல்லாம் கருவி எப்படி எண்களாக மாற்றிக்கொள்கிறது என்று படித்தேன். வெள்ளைத் துணி சுற்றிய முகத்தோடு அவர் உள்ளே படுத்திருந்தார். அந்தப் பாடத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் வரும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

வாசலில் சிவப்பு எரிந்த அன்றே ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசரைப் போய்ப் பார்த்தோம். புறவழிச் சாலையில் ஒரு மாடி அறை. கெட்டவர் இல்லை, ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தவர்தான். கணினியைத் திறந்து பார்த்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தொடர்ந்து சில நாள் முகம் பதியாமல் போனால், அந்த ஆள் தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டதாக அது குறித்துக்கொள்ளுமாம். யாரும் பொத்தானை அழுத்த வேண்டாம், யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். சித்தப்பா ஆம்புலன்சில் போன அந்த வாரமே அவர் வேலையை விட்டு ஓடிப்போனவர் ஆகிவிட்டார்.

“அண்ணே, பழைய நம்பர திருப்பித் தொறக்கறதுக்கு எனக்கு பவர் இல்ல. மேல கேட்டா, சிஸ்டத்தக் கேளுன்றான். பேஜாரு பண்ணாம புது ஆளா சேந்துக்கோங்க. வேற கான்ட்ராக்ட் பேர்ல புது நம்பர் போட்டுத் தரேன்,” என்றார்.

“புது ஆளுன்னா, இத்தினி வருசம் வேல செஞ்சது யாரு?” என்று சித்தப்பா கேட்டார். சண்டை பிடிக்கும் குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

சூப்பர்வைசர் கணினியை மூடினார். புது ஆளாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று திரும்பி வரும்போது நான் விளக்கினேன். பழைய வேலைக்காலம் முழுக்கப் போய்விடும். கை பாதி மடங்காமல் போனதற்கு உரிய நிவாரணத்தைக் கேட்கும் இடத்தில், அந்த ஆள்தான் வேலையை விட்டுப் போய்விட்டாரே என்பார்கள். சித்தப்பா கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும், அப்படியென்றால் வேண்டாம் என்றார்.

மறுநாள் வகுப்பில், மனிதர் ஒருவர் மறுபரிசீலனை செய்யும் உரிமை என்பது பற்றி விவாதம். இயந்திரம் எடுத்த முடிவால் பாதிக்கப்பட்டவர், ஒரு மனிதரிடம் போய் முறையிடும் வழி இருக்க வேண்டும். எந்தெந்த நாட்டில் அது எப்படிச் சட்டமாகியிருக்கிறது என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கையைத் தூக்கி, கும்மிடிப்பூண்டியில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று கேட்டேன். பேராசிரியை வகுப்பு முடிந்ததும் தன் அறைக்கு அழைத்துச் சென்று முழுவதையும் கேட்டார். தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுத அவரே உதவினார். இதை ஆய்வேடாக எழுது என்றும் சொன்னார். எழுதினால் ஏதாவது நடக்கும் என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கையைத் தவிர எனக்கு அப்போது வேறு பிடிமானம் இல்லை.

சித்தப்பா தன் வழியில் ஒன்றைச் செய்தார். தினமும் வேலைக்குப் போனார். காலையில் எழுந்து குளித்து, நாஷ்டா முடித்து, சூளூர்ப்பேட்டையிலிருந்து வரும் ரயிலைப் பிடித்துக் கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஆலை வாசலில் வரிசையில் நின்று, முகத்தைக் காட்டுவார். சிவப்பு எரியும். ஓரமாக ஒதுங்குவார். ஷிப்டு மணி அடிக்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வருவார். எதற்கு இந்த அவமானம் என்று சித்தி அழுதாள். “நான் வுட்டுட்டுப் போயிட்டேன்னு தானே சொல்றாங்கோ. போவலன்னு காட்டணும் இல்ல?” என்றார். மழை பெய்த நாளிலும் போனார். கிராப்ட் வைத்த தோல் வெயிலில் எரியும் என்று டாக்டர் எச்சரித்திருந்தும் துண்டைப் போர்த்திக்கொண்டு போனார். கூட வேலை செய்தவர்கள் முதலில் நின்று பேசினார்கள். பிறகு தலையை அசைத்துவிட்டுப் போனார்கள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று பின்னாளில் சித்தி என்னிடம் சொன்னாள்.

மனு மீதான விசாரணைக்குத் திருவள்ளூர் போனோம். பெரியபாளையம் வழியாக பஸ், நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன், அவருக்குப் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வந்தது. அதிகாரி மரியாதையாகத்தான் நடத்தினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இவர் வேலையை விட்டதற்குக் கடிதம் இல்லை, இவர் தினமும் வாசலுக்கு வந்திருக்கிறார், சிவப்பு எரிந்த ஒவ்வொரு தடவையும் கருவியில் பதிவாகியிருக்கும், அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். இரவெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாதம் அது. ஆலைத் தரப்பில் வந்திருந்தவர் யாருக்கோ போன் செய்து பேசிவிட்டு வந்தார். பொருந்திய முகங்களை மட்டும்தான் கருவி சேமிக்குமாம். பொருந்தாத முகத்தை உடனே அழித்துவிடுமாம். தனிநபர் தகவலைப் பாதுகாக்கத்தான் அந்த ஏற்பாடு என்றார். எங்கள் வகுப்பில் நல்ல நடைமுறை என்று நாங்கள் படித்த அதே ஏற்பாடு. சித்தப்பா மெல்ல என் பக்கம் குனிந்து, அப்படியென்றால் அத்தனை நாளும் நான் வந்ததாகவே இல்லையா என்று கேட்டார். சமரசம் ஏற்படவில்லை என்று எழுதி, நீதிமன்றம் போகலாம் என்றார்கள். வழக்குப் போட்டோம். அது வாய்தாவில் நின்றது.

ஆய்வேடு முடியும் கட்டம் வந்தபோது, அவர் புகைப்படத்தைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். “எந்த மூஞ்ச போடுவ?” என்றார். கடைசியில் எந்த முகத்தையும் போடவில்லை. ஆய்வு நெறிமுறைப்படி பெயரையும் போடக் கூடாது, ஊரைக்கூடச் சொல்லக் கூடாது. என் ஆய்வேட்டில் அவர் பெயர் ‘தொழிலாளி அ’. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், உருக்கமான ஆய்வு, ஆனால் ஒரே ஒருவரின் அனுபவத்தை வைத்துக் கொள்கை வகுக்க முடியாதே என்றார். தேர்ச்சி கொடுத்தார்கள். நல்ல மதிப்பெண்தான். சான்றிதழைக் காட்டியபோது சித்தப்பா அதை வலது கையால் பிடிக்க முடியாமல் இடது கையில் பிடித்து வலது மணிக்கட்டில் தாங்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். சட்டம் எழுதி முடித்துவிட்டாயா என்று கேட்டார்.

இதற்குள் வீடு நொறுங்கிக்கொண்டிருந்தது. வேறு வேலை தேடினார். ஏரியோரத்து இறால் பண்ணையில் கேட்டார், கையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். ஒரு பள்ளியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. சின்னப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதையும் விட்டார். பகலிலும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். சித்தி வேலைக்குப் போன நேரத்தில் தனியே இருக்கவிடப் பயந்து, ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு நான் போய் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, சுவரைப் பார்த்தபடியே, சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கொடு என்றார். புது நம்பர் இன்னும் தருவதாக அவர் ஆள் மூலம் சொல்லியனுப்பினாராம், வழக்கை மட்டும் திரும்பப் பெற வேண்டுமாம். நான் எவ்வளவோ சொன்னேன். தீர்ப்பு வரும், பேராசிரியை வக்கீலிடம் பேசியிருக்கிறார், இன்னும் கொஞ்ச காலம் பொறுங்கள் என்றேன். “அதுக்குள்ள நான் இருக்கணுமே பாப்பா,” என்றார். எண்ணை அழுத்தி போனை அவர் காதில் வைத்தேன்.

இப்போது நான் சென்னையில் ஓர் ஆய்வு மையத்தில் வேலை செய்கிறேன். அரசு வெளியிடும் வரைவுகளைப் படித்து, இந்தச் சொல்லுக்குப் பதிலாக அந்தச் சொல் என்று கருத்து எழுதி அனுப்புவது என் வேலை. சித்தப்பா அதே ஆலையில், உலைக்குத் தள்ளி, கம்பிகளை எண்ணிக் கட்டும் இடத்தில் இருக்கிறார். புது முகம் கருவியில் பதிந்திருக்கிறது, ஒருநாளும் தவறுவதில்லை. புதிதாகச் சேர்ந்த அன்று என்ன நடந்தது என்பதை மட்டும் அவர் நெடுநாள் சொல்லவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சித்தி இட்லி வைத்துக்கொண்டிருந்தபோது, தானாகவே ஆரம்பித்தார்.

புது ஆட்களுக்கு முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு உண்டு. ஓர் அறையில் உட்காரவைத்துத் திரையில் வீடியோ போட்டிருக்கிறார்கள். உலைப் பக்கம் கேமராவில் பதிவான பழைய விபத்து. சத்தம் கிடையாது. ஒரு ஆள் உலையை நோக்கிப் போகிறான், குனிகிறான், திரை முழுக்க வெள்ளையாகிறது, அந்த ஆள் கையால் முகத்தை மூடிக்கொண்டு சுழன்று விழுகிறான். வகுப்பு எடுத்தவர் அங்கே நிறுத்திவிட்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று திரும்ப ஒரு தடவை ஓடவிட்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒடிசாக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவர், திரையைப் பார்த்திருக்கிறார், சித்தப்பாவின் முகத்தைப் பார்த்திருக்கிறார். பிறகு சித்தப்பாவின் மடங்காத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாராம். வீடியோ முடியும்வரை விடவில்லையாம்.

“அது நான்தான்னு சொல்லலாம்னு வாயத் தொறந்தேன் பாப்பா,” என்றார் சித்தப்பா. “அப்புறம் மூடிக்கினேன். அது நான்தான்னா, அப்போ இங்க ஒக்காந்துகினு கீறது யாருன்னு கேப்பான் இல்ல? அதுக்கு இன்னா சொல்றது?”

படித்தவள் சொல்வாள் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.