பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தவர்

மலர்விழி அக்காவின் எண்ணிலிருந்து செய்தி வந்திருப்பதாகப் போன் காட்டியதும், தைரியத்துக்கு முதலில் ஒரு டீ சொன்னேன். முந்தின நாள்தான் என் செயலியின் புதிய வடிவத்தைக் குழுவில் போட்டிருந்தேன். எப்படியும் அரைப் பக்கம் திட்டு வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு, டீ கைக்கு வந்த பிறகு திறந்தேன். எழுதியிருந்தது அவருடைய மகன். "அம்மா காலையில தவறிட்டாங்க. மதியம் எடுக்கறோம்." டீக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சக்கரை பத்தலீங்களா?" என்று கேட்டார்.

நம் குழுவைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். தங்கள் தொழிலுக்கு வேண்டிய சின்னச் சின்ன மென்பொருளைத் தாங்களே எழுதிக்கொள்கிறவர்கள் நாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் மாடியில் கூடி, செய்ததைக் காட்டிக் கருத்துக் கேட்போம். வரும் கருத்து பெரும்பாலும் 'சூப்பர்' என்ற ஒரே சொல். உட்கார்ந்து, உபயோகித்துப் பார்த்து, குறை சொல்கிறவர் அக்கா மட்டும்தான். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, போர் போடும் வண்டிகளின் டீசல் செலவைப் பார்க்கத் தாமே மென்பொருள் எழுதியவர். "சூப்பருன்னு சொன்னவிய போன்ல நாளைக்கு அது இருக்குதான்னு பாருங்க, தெரிஞ்சு போகும்" என்பார். அவர் இல்லாவிட்டால் நாம் வெறும் கைதட்டும் சங்கமாகிவிடுவோமோ என்ற பயம்தான், சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது எனக்கு இருந்தது.

நான் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் மேற்பார்வை பார்க்கிறேன். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவன். மகள் கல்லூரிக்கு வாங்கிய லேப்டாப்பை அவள் தூங்கும் ஞாயிறு மதியங்களில் திருடித்தான் எழுதக் கற்றுக்கொண்டேன். "அப்பா, உங்க பட்டனெல்லாம் பஸ் போர்டாட்டம் இருக்குது" என்பது இன்றுவரை அவள் தந்த ஒரே பாராட்டு. கோடையில் கரண்ட் போய் ஷெட்டில் ஃபேன் நின்றால் கோழிகள் கொஞ்ச நேரத்தில் சுருண்டு விழும். அதனால் கரண்ட் போனால் போனில் மணியடிக்கும்படி ஒரு பெட்டியும் செயலியும் செய்தேன். மாடியில் அதைக் காட்டிய அன்று, பெட்டியின் ஒரு ஒயரை உருவினேன், போன் அலறியது, எல்லோரும் கைதட்டினார்கள். நானும் ஒரு கம்பெனி முதலாளி மாதிரி சிரித்தேன்.

அக்கா எழுந்து வந்து, சுவரிலிருந்த பிளக்கையே பிடுங்கினார். போனில் சத்தமே இல்லை.

"ஏனுங்க, இப்ப அடிக்கலீங்களே?"

"அக்கா, நீங்க வைஃபையையும் சேத்துப் புடுங்கீட்டீங்க. அது இருந்தாத்தானுங்க போனுக்குச் சேதி போகும்."

"அப்பிடீங்களா? கரண்ட்காரங்க உங்க வைஃபைய மட்டும் உட்டுப்போட்டு நிறுத்துவாங்களா?"

மாடி அதிரச் சிரித்தார்கள். "கரண்ட் இருந்தாத்தான் கரண்ட் போச்சுன்னு சொல்லும். நல்ல மிஷினு சாமி" என்று அவரும் சேர்ந்துகொண்டார். நான் பெட்டியைப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தேன். அவர் விடவில்லை. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு புள்ள வளத்தவரு. ஊடு கப்சிப்புன்னு இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"என்னமோ பண்ணுதுகன்னு ஓடிப் போயிப் பாப்பேன்."

"அதையே எழுதுங்க. ஷெட்டுல இருக்கற பெட்டி 'இருக்கறேன், இருக்கறேன்'னு கத்திக்கிட்டே கெடக்கட்டும். கத்தறது நின்னா, கரண்ட் போகாத வெளியூர்க் கம்ப்யூட்டரு உங்களைக் கூப்புடட்டும்."

சாயங்காலம் வரை பக்கத்திலிருந்து எழுத வைத்தார்.

அடுத்த கோடையில் ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாறும் நேரத்தில் என் போன் மணியடித்தது. பண்ணைக் காவலாளியைக் கூப்பிட்டேன், அவர் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டார், கோழிகள் தப்பின. கை கழுவாமலே அக்காவை அழைத்து, வெற்றிச் செய்தியை ஊருக்கே கேட்கும்படி சொன்னேன்.

"பந்தியில உக்காந்திருக்கற உங்களுக்கு அடிச்சுது. ஷெட்டுக்குப் பக்கத்துல இருக்கறவருக்கு ஏன் அடிக்கலீங்க? உங்களுக்கு டவர் கெடைக்காம இருந்திருந்தா?" என்று கேட்டார். எனக்கு முகம் தொங்கிவிட்டது. பிறகு, "கோழியெல்லாம் நல்லாருக்குதுங்களா?" என்றார். அந்தக் குரலில் கண்டிப்பே இல்லை. அவர் தவறியதற்கு முந்தின நாள் நான் குழுவில் போட்ட புதிய வடிவம், காவலாளிக்கும் சேர்த்து மணியடிப்பது. அதை அவர் பார்த்தாரா என்று மகனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவர் போன பிறகு நடந்த முதல் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். துக்கத்தில் எல்லோரும் இளகிப் போயிருந்தோம். இளம்பிள்ளையிலிருந்து வந்த சேலை வியாபாரி முருகேசன், வாடிக்கையாளர்கள் வீட்டிலிருந்தே சேலை பார்க்கும் செயலியைக் காட்டினார். மறுநாளே எல்லோருக்கும் அனுப்பப் போவதாகச் சொன்னார். 'சூப்பர்' என்றார்கள். நானும் சொன்னேன். சொல்லிவிட்டு, நான் பயந்த கைதட்டும் சங்கம் என் கண்ணெதிரில் அன்றே பிறந்துவிட்டது என்று உறைத்தது. போனை வாங்கி உபயோகித்துப் பார்த்தேன்.

"ஏனுங்க முருகேசன், ஒரு சேலையக்கூடக் கண்ணுல காட்டாம பேரு கேக்குது, ஊரு கேக்குது, நம்பரு கேக்குது. உங்க கடை வாசப்படியில நின்னு இப்பிடித்தான் கேப்பீங்களா?"

அவர் முகம் விழுந்தது. "என்னுங்கண்ணா, சூப்பருன்னீங்க?"

"அது பழக்கதோசத்துல வந்தது. இது பாத்துட்டுச் சொல்றது."

யாரும் சிரிக்கவில்லை. நாமக்கல் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. சாக்குச் சொல்லிக் கிளம்ப அதைவிட வசதியான சமயம் கிடைக்காது. பையைக்கூட எடுத்துவிட்டேன். அப்போதுதான், குறை சொல்லிவிட்டு அக்கா எழுந்து போய் நான் பார்த்ததே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பையை வைத்துவிட்டு முருகேசன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மொதல்ல சேலையக் காட்டுவோம். அப்புறம் பேரு கேப்போம். எங்க எழுதியிருக்கறீங்க, தொறங்க."

அக்காவின் மூளை எனக்கு வராது. அதை என் மகளும் உறுதி செய்கிறாள். ஆனால் அவரைப் போல உள்ளதைச் சொல்லவும், சொன்ன பிறகு எழுந்து போகாமல் கூட உட்காரவும் என்னால் முடியும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். அன்று பஸ் போய்விட்டது. முருகேசனின் செயலி இப்போது திறந்தவுடன் சேலையைக் காட்டுகிறது.