வடக்கைப் பார்க்காத புள்ளி

சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துவிட்டார். இனி அந்த அம்மா தப்ப முடியாது.

உள்ளங்கை அகலம்தான் இருக்கும். தலையில் மூன்று குட்டிக் கிண்ணங்கள், இடுப்பில் எண்கள் ஓடும் ஒரு சின்னக் கண்ணாடி. ஓடிக்கொண்டிருக்கும் சீலிங் ஃபேனுக்கு அடியில் கையை நீட்டி அதைப் பிடிக்கிறார். கிண்ணங்கள் சுற்றுகின்றன. அவர் கண்ணை மூடிக்கொள்கிறார்.

"இது என்ன தம்பி, ஜுரம் பாக்கிறதா?"

"காத்துக்கு நாடி பாக்கிறதும்மா." ஓர் எட்டு தள்ளி நின்று மறுபடி பிடிக்கிறார். "பாருங்க, நடுவுல புயல். ஓரத்துக்கு வந்தா வெறும் பெருமூச்சு. கட்டில்ல நீங்க எந்தப் பக்கம்?"

"நான் சொவத்தோரம்."

"அப்ப இது வேணாம்மா. வீட்டுக்காரர் குளுகுளுன்னு குறட்டை விடுவாரு, நீங்க முந்தானையால விசிறிக்கிட்டுக் கெடப்பீங்க."

அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிட்டது. மின்சாரம் குறைவாகக் குடிக்கும், விலை கொஞ்சம் கூடிய ஃபேன் ஒன்று அட்டைப் பெட்டிக்குள் போனது.

வீட்டு உபயோகப் பொருள் விற்கும் எங்கள் கடையின் மாடியில் இப்படித்தான் பொழுது போகும். ஃபேன் பிரிவு அவருடையது, பக்கத்து மிக்ஸி பிரிவு என்னுடையது. அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. சம்பளம் போடும் நாளில் மட்டும் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் காத்தண்ணன். அவர் குரலை எடுப்பது சுலபம். மூக்கை இலேசாகப் பிடித்துக்கொண்டு, எந்த வாக்கியமாக இருந்தாலும் கடைசியில் கொஞ்சம் மூச்சை வெளியே விட வேண்டும், டயரில் காற்று இறங்குகிற மாதிரி. "நல்ல ஃபேன்மா... ஹ்ஹ்." சாப்பாட்டு நேரத்தில் இதை நான் செய்தால் கேஷியர் அக்காவுக்குப் புரையேறும். அவருக்கும் சிரிப்பு வரும். "ஹ்ஹ் இன்னும் கொஞ்சம் கீழ வரணும் தம்பி, நீ மேலயே நிறுத்திடுற" என்று திருத்துவார்.

படித்தது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி. முதல் வகுப்பு. காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கப் படித்தவர், மின்சாரத்திலிருந்து காற்று எடுத்து விற்கிறார். இந்தக் கிண்டலைக் கண்டுபிடித்தது நான்தான் என்று கொஞ்ச நாள் திமிராகத் திரிந்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே முதலாளியிடம் அவரே சொல்லியிருக்கிறார்: "படிச்சத ரிவர்ஸ் கியர்ல ஓட்டப் போறேன் சார்."

செல்போனில் ஒரு படம் வைத்திருக்கிறார். கல்லூரிக் கூரையில் சூரியத் தகடுகளுக்கு நடுவே முழு வகுப்பும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அதைப் பெரிதாக்கி விரலால் ஒவ்வொரு முகமாகத் தொடுவார்.

"இவன் பேங்க்ல கடன் குடுக்குறான். இவ ஸ்கூல்ல கணக்கு எடுக்குறா. இவன் இன்ஷூரன்ஸ். இதோ இந்தக் கண்ணாடிக்காரன் இருக்கானே, டீசல்னாலே மூக்கப் பொத்துவான். இப்ப டீசல் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுறான். நல்ல காசு."

"அண்ணே, அப்ப படிச்ச வேலைக்கு யாருதான் போனா?"

ஓரத்தில் நிற்கிற, தலைமுடி முகத்தில் பறக்கிற ஒரு பெண்ணின் மேல் விரல் நிற்கும். "இவ. என் லேப் பார்ட்னர். மலை மேல காத்தாலையே இவ பொறுப்புலதான் ஓடுது."

"நீங்களும் போயிருக்கலாம்ல?"

"போனேனே. முதல் வேலையே மலை மேலதான். கம்பம் நட்டு, ஒரு வருஷம் காத்த அளந்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

"ஏன்?"

"மலைக் காத்து ஒத்துக்கல தம்பி. ஹ்ஹ்."

யார் கேட்டாலும் இதே பதில். அவர் மனைவி ஒருமுறை குழந்தையோடு கடைக்கு வந்தபோது கேஷியர் அக்காவும் கேட்டுப் பார்த்தார். மனைவிக்கும் இதற்கு மேல் தெரியவில்லை. "பொண்ணு பாக்க வந்தப்போ மாப்பிள்ளைக்குக் காத்தாலைல வேலைன்னாங்க. இப்பவும் காத்துக்குக் குறை இல்லக்கா, ஆலையத்தான் காணோம்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலையில கதவத் தெறந்தவுடனே வாசல்ல நின்னு காத்து எந்தப் பக்கம்னு பாப்பாருக்கா. அப்புறம்தான் பல்லே தேய்ப்பாரு" என்றார். அந்தப் பக்கம் காத்தண்ணன் குழந்தைக்கு மூன்று கிண்ணத்தையும் வாயால் ஊதிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். மலையில் வாங்கிய முதல் சம்பளத்தில் வாங்கிய கருவி அது. அந்தக் காலத்திலிருந்து அவரிடம் மிச்சம் இருந்ததும் அது ஒன்றுதான்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கடை திறந்ததும் நாங்கள் ஸ்டாண்ட் ஃபேன்களைத் துடைத்து ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துவோம். அது முதலாளியின் உத்தரவு. "ஃபேன்னா பட்டாளம் மாதிரி நிக்கணும்யா!" காத்தண்ணன் வருவார். செருப்பைக்கூடக் கழற்றி வைக்க மாட்டார். ஒவ்வொரு ஃபேனையும் பிடித்து ஓர் எட்டு இடப்பக்கம், அடுத்ததை ஓர் எட்டு வலப்பக்கம் இழுத்துவிடுவார்.

"ஏன்யா லைனக் கலைக்கிற?" மாடிப்படியிலிருந்தே முதலாளி கத்துவார்.

"பின்னாடி நிக்கிறதுக்கும் காத்து வேணும்ல சார்."

"ஸ்விட்சே போடல, அதுக்கு எதுக்குய்யா காத்து? உனக்குக் காத்து கருப்பு எதுவும் அடிச்சிருக்கா?"

"இருக்கும் சார். ஹ்ஹ்."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போவார். காத்தண்ணன் ஃபேன் விற்கிற வேகத்துக்கு எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. இப்படியே ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் படத்தில் தலைமுடி பறக்க நின்ற பெண் எங்கள் மாடிப்படி ஏறி வருகிற வரைக்கும்.

கனத்த பூட்ஸ், வெயிலில் கறுத்த முகம், இறுக்கிக் கட்டிய முடி. காத்தண்ணன் ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"டேய் பார்ட்னர், ஒரு ஃபேன் குடு."

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுந்திருக்க மறந்துபோனார். "உனக்கு எதுக்கு ஃபேன்? காத்துக்கே மேனேஜர் நீ!"

"காத்தெல்லாம் வெளியிலதான்டா. குவார்ட்டர்ஸ் ரூமுக்குள்ள போனா புழுங்கிச் சாகணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் தேநீர் வாங்கி வந்து கொடுத்துவிட்டு, துடைத்த மிக்ஸியையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றேன். வந்தவர் பாதித் தேநீரில் விஷயத்துக்கு வந்தார்.

"நான் ஃபேனுக்காக வரல. உன்னக் கூட்டிட்டுப் போக வந்தேன். ஆள் எடுத்துக்கச் சொல்லி எனக்கு அதிகாரம் குடுத்திருக்காங்க. மறுபடி மலைல காத்து அளக்கணும். நீதான் வேணும்."

காத்தண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். ஒரு நொடி மாணவன் மாதிரி இருந்தார். "இப்ப எதுக்கு மறுபடி அளக்கணும்?" என்றார்.

"வரிசையில முதல் மெஷின் ஜம்முனு சுத்துது. அடுத்தது மந்தம். கடைசி மெஷின் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அசையவே மாட்டேங்குது. உன் ரிப்போர்ட்டுல காத்து மேற்கேர்ந்துன்னு இருக்கு. அத நம்பித்தான் வரிசையவே போட்டாங்க. ஆனா மெஷின் தலையில இருக்கிற அம்பு எல்லாம் தெற்கக் காட்டுது. அங்க நின்னு பாத்தும் ஒண்ணும் சொல்ல முடியல, பாறைக்குப் பாறை காத்து வளையுது. ஆபீஸ்ல என்னக் கேட்டாங்க. நான் அடிச்சுச் சொல்லிட்டேன், அளந்தது என் பார்ட்னர், அவன் கை சுத்தம், தப்பு மெஷின் அம்புலதான்னு."

வெளிச்சம் போய்விட்டது. காத்தண்ணன் தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தார்.

"அம்ப மாட்டுன ஃபிட்டர வேலைய விட்டு அனுப்பிட்டோம்" என்று வந்தவர் தொடர்ந்தார். "வயசானவரு. நான் சரியாத்தாம்மா மாட்டுனேன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே போனாரு. அது கெடக்கட்டும். நீ வரேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லு. எத்தனை நாளைக்குடா இந்தக் கடையில நின்னுட்டு இருப்ப?"

காத்தண்ணன் எழுந்து போய், காலையில் தானே கலைத்துப்போட்ட ஸ்டாண்ட் ஃபேன்களை ஒவ்வொன்றாக இழுத்து வந்தார். மாடிப்படியைப் பார்த்தபடி தோளோடு தோள் சேர்த்து நிறுத்தினார். முதலாளி பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார், அவ்வளவு நேர்க்கோடு. எதற்கும் மின்சாரம் கொடுக்கவில்லை. பெரிய ஹால்களுக்கு வாங்குகிற ராட்சச ஃபேன் ஒன்றை உருட்டி வந்து அவற்றுக்கு எதிரே வைத்து, அதை மட்டும் போட்டார். அந்தக் காற்று பட்டு, வரிசையில் இருந்த எல்லா இறக்கைகளும் தாமாகவே சுற்ற ஆரம்பித்தன.

"இது ரிப்போர்ட்டுல இருக்கிற காத்து" என்றார்.

ராட்சச ஃபேனை அணைத்தார். அதை உருட்டிக்கொண்டு போய் வரிசையின் ஒரு முனையில் வைத்தார். நிற்கிற ஃபேன்களை நகர்த்தவில்லை; கழுத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடித்து அந்த முனையைப் பார்க்கத் திருப்பினார். தோளோடு தோள் நின்றவை அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக நிற்கிற கியூ ஆகிவிட்டன. ஸ்விட்சைப் போட்டார். முதல் ஃபேன் விர்ரென்று சுற்றியது. இரண்டாவது சோம்பல் முறித்தது. மூன்றாவது யோசித்தது. கடைசி ஃபேன் அசையவே இல்லை.

"இது மலையில இருக்கிற காத்து."

வந்தவர் எழுந்துவிட்டார். கடைசி ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கம்பத்து உச்சில திசை காட்டுற அம்பு இருக்குல்ல," காத்தண்ணன் அவரைப் பார்க்காமல் சொன்னார். "அதோட அடியில ஒரு வெள்ளப் புள்ளி. அது வடக்கப் பாத்து இருக்கணும். நான் அத, அம்பத் தாங்குற கம்பத்துக் கை எந்தப் பக்கம் நீட்டுதோ அந்தப் பக்கமா வெச்சு முடுக்கிட்டேன். ஒரு வருஷமும் அது தெற்குக் காத்த மேற்குக் காத்துன்னு எழுதிருக்கு. உன் மெஷின் அம்பு சரி. ஃபிட்டர் சரி."

"உனக்கு எப்படா தெரியும்?"

"கம்பத்தக் கழட்டுனப்போ. ரிப்போர்ட் போயிருந்துச்சு. மெஷின் இன்னும் நடல."

"நடல."

"நடல. குழிதான் எடுத்துட்டு இருந்தாங்க. அடுத்த வாரம் வேலைய விட்டுட்டு வந்துட்டேன்."

"அன்னைக்கே சொல்லிருக்கலாமேடா."

"சொல்லிருக்கலாம்."

வாக்கியத்தின் கடைசியில் மூச்சு எதுவும் வரவில்லை. கடையில் எத்தனை பேர் எத்தனை முறை கேட்டும் அவருடைய அந்த ஒரு சொல்லை மட்டும் நான் செய்து காட்டியதில்லை.

ராட்சச ஃபேன் இரைந்துகொண்டே இருந்தது. போய் அணைப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. கீழேயிருந்து முதலாளி, "யாருய்யா சும்மா கரண்ட்ட ஓட்டுறது?" என்று குரல் கொடுத்தார். காத்தண்ணன்தான் போய் அணைத்தார்.

"அந்த மனுஷன நான் ஆள் முன்னாடி நிக்க வெச்சுத் திட்டுனேன்" என்றார் வந்தவர். சத்தம் நின்றுபோனதால் அது கொஞ்சம் உரக்கக் கேட்டது. "உன் மேல இருந்த நம்பிக்கையில."

"தெரியும்."

"இனிமே நான் எப்படிடா உன்ன..."

"கூப்பிட முடியாது. தெரியும். நீ மொதல்ல அவரக் கூப்பிடு."

வந்தவர் தலையாட்டினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். அப்புறம், "ஃபேன் நெசமாவே வேணும்டா" என்றார்.

காத்தண்ணன் அவருக்கு வழக்கமான கேள்விகளைக் கேட்டார். ரூம் எவ்வளவு அகலம், கட்டில் எந்தப் பக்கம், ஜன்னல் எங்கே. குரலில் பழைய மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஃபேனைச் சுற்ற வைத்து நாடி பார்த்தார். வந்தவரும் அருகில் வந்து குனிந்து எண்களைப் பார்த்தார். படத்தில் இருக்கிற இரண்டு பேரும் படிக்கிற காலத்தில் அதே மாதிரித்தான் ஏதாவது ஒரு லேப் மேஜைக்கு மேலே குனிந்திருப்பார்கள்.

வந்தவர் பில் போடக் கீழே போனார். காத்தண்ணன் இறக்கைகளைப் பெட்டிக்குள் அடுக்கினார், மோட்டாரை வைத்தார், தெர்மாகோலைப் பொருத்தினார். பிறகு சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி, மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்த இடுக்கில் வைத்தார். மேலே மூடி, டேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும்.

"அண்ணே, அது உங்க..."

"மிக்ஸியப் பாரு தம்பி."

பெட்டி படியிறங்கிப் போனது. போகும்போதே வந்தவர் செல்போனைக் காதில் வைத்திருந்தார். "ஐயா, நான்தான் சைட்லேர்ந்து பேசறேன். வெச்சிராதீங்க, ஒரு நிமிஷம் கேளுங்க" என்பது வரைக்கும் எங்களுக்குக் கேட்டது.

வரிசையில் நிறுத்திய ஃபேன்கள் அப்படியே நின்றன. காத்தண்ணன் கலைக்கவில்லை. மேலே வந்து பார்த்த முதலாளி, "இப்பதான்யா இது கடை மாதிரி இருக்கு" என்று சந்தோஷமாகக் கையைத் தட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. மனைவி ஒரு சீலிங் ஃபேனைக் காட்டி, "இதுல காத்து நல்லா வருமாண்ணா?" என்று கேட்டாள்.

"பாத்துடலாம்மா" என்று ஸ்விட்சைப் போட்டுவிட்டு, காத்தண்ணன் சட்டைப் பைக்குள் கையை விட்டார். உள்ளே கொஞ்சம் துழாவினார். கையை வெளியே எடுத்தார், வெறும் கைதான். ஒரு கணம் அதையே பார்த்தார். பிறகு விரல்களை விரித்து, அந்தக் கையை ஃபேனுக்கு அடியில் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.