சிரிக்காத ஆளுக்குக் கட்டிய பெல்ட்

விசிலக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டையில் கசங்காமல் பத்திரமாக இருக்கிறது. அதை வெளியே எடுத்துப் பயன்படுத்த யாருக்கும் தோன்றியதில்லை. அவள் சிரிப்பு அப்படி. வயிற்றில் லேசான உறுமலாகத் தொடங்கி, நெஞ்சில் குலுங்கி, தொண்டைக்கு ஏறியதும் குக்கர் மாதிரி விசில் அடிக்கும். நாலாவது விசிலில்தான் அவளுக்கே மூச்சு வாங்கும்.

இந்தச் சிரிப்பால் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடத்தை வகுப்புக்கு வெளியே நின்றுதான் படித்தாள். கல்யாணப் போட்டோவில் அத்தனை பேரும் தெளிவாக இருக்க, மணப்பெண்ணான இவள் மட்டும் குலுங்கிக் கலங்கலாக இருப்பாள். பெரிய மாமனார் இறந்த வீட்டில், இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பு போட்டுக்கொண்டு ஒருவர் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்துவிட்டு, கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு மூலையில் குலுங்கினாள். பாவம், மருமகளுக்கு எவ்வளவு பாசம் என்று வந்தவர்கள் எல்லாம் முதுகைத் தடவித் தேற்றினார்கள். தேற்றத் தேற்ற நிலைமை மோசமானது.

அவள் வேலை பார்ப்பது சீருடை தைக்கும் கம்பெனியில், காலர் பிரிவில். இருபத்தாறு வருஷமாகக் காலர் மட்டும்தான். யாரைப் பார்த்தாலும் முதலில் கழுத்தைத்தான் பார்ப்பாள், முகம் அப்புறம்.

வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். முப்பது வருஷத்துக்கு முன் அவர் பஸ்ஸில் இவள் சிரித்தாள். கண்டக்டர்தான் விசில் ஊதுகிறார் என்று டிரைவர் நடுச்சாலையில் பிரேக் போட்டுவிட்டார். கோபமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த கண்டக்டர் அவளைப் பார்த்ததும் தானும் சிரித்துவிட்டார். அது கல்யாணத்தில் போய் முடிந்தது. அவர் சிரிப்பும் லேசுப்பட்டதில்லை, கடைசி சீட்டில் தூங்குகிறவரை எழுப்பி உட்கார வைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திவிடுவார்.

பதினாலு மாதத்துக்கு முன் அந்தத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுக்கவேண்டியதாயிற்று. இப்போது அவர் மூச்சு விடுவது கழுத்தின் அடியில் வைத்த ஒரு துளை வழியாக. ஆள் பிழைத்தாரே, அது போதும் என்று விசிலக்கா மனதைத் தேற்றிக்கொண்டாள். பேசுவதற்குச் சிலேட்டு வாங்கிக் கொடுத்தாள். துளையை மறைக்கக் கழுத்திலிருந்து தொங்குகிற மாதிரி ஒரு துணி தைத்தாள். காலர்காரி தைத்தது ஆயிற்றே! இரட்டைத் துணி, நடுவில் காலருக்கு வைக்கிற விறைப்புக் கேன்வாஸ், ஓரமெல்லாம் இரட்டைத் தையல். புயலடித்தாலும் அசையாது.

“காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டுத் திரிஞ்ச மனுஷன் நீங்க. யாரும் உங்க கழுத்தை வேடிக்கை பாக்கக் கூடாது” என்றாள்.

ஒன்றே ஒன்றுதான் அவளை அரித்தது. தினமும் சாயங்காலம் கம்பெனிக் கதையைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பாள். கண்டக்டர் முகம் மலரும், சத்தம் வராது. பிறகு சிலேட்டை எடுத்து, “சிரிச்சேன்” என்று எழுதிக் காட்டுவார். சிரித்த மனுஷன் எதற்கு எழுதிக் காட்ட வேண்டும்? தன் மனசு நோகக் கூடாதென்று எழுதுகிறார், தன்னோடு சேர்ந்து சிரித்த அந்த ஆள் போய்விட்டார் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். அதைப் போல் அவளை அழவைத்தது வேறொன்றுமில்லை.

அவரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போன ஒரு நாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெரியவர் எடை பார்க்கும் மெஷினில் ஏறினார். எடை குறையட்டும் என்று தொப்பியைக் கழற்றித் தன் கையிலேயே பிடித்துக்கொண்டார். விசிலக்கா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மூன்று அறை தாண்டி ஒரு டாக்டரம்மா ஓடி வந்தார்.

“யாரு சிரிச்சது?”

“மன்னிச்சுக்கங்க டாக்டர். இனிமே சிரிக்க மாட்டேன்.”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா! உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்!”

சிரிக்கும்போது குரல்வளை என்ன செய்கிறது என்பது அந்த டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. மூக்கு வழியாகச் சன்னமான கேமராவை விட்டுத் தொண்டையைப் படம் பிடிக்க வேண்டும். கேமரா உள்ளே போனால் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை, கண்ணீர்தான் வருகிறது.

“இவருக்கு ஏதாவது உதவுமா?” என்று விசிலக்கா கேட்டாள்.

“இவருக்கு நேரா உதவும்னு பொய் சொல்ல மாட்டேன். பின்னால வர்றவங்களுக்கு உதவலாம்.”

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. அடுத்த வியாழக்கிழமை காலை புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

அறையில் டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். பிறந்ததிலிருந்து சிரித்தறியாதவர் போல ஒரு முகம். சாக்பீஸ் தூசி கேமராவுக்கு ஆகாது என்று சிலேட்டை வாசல் மேஜையிலேயே வாங்கி வைத்துவிட்டார். விசிலக்காவின் நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட் கட்டினார். மூச்சு ஏறி இறங்குவது அதன் வழியாகத் திரையில் கோடாக ஓடியது.

“ஒப்பிட்டுப் பாக்க, சும்மா உக்காந்திருக்கிற ஒருத்தரோட மூச்சும் வேணும் மேடம். போன தடவை நர்ஸைக் கட்டி வச்சோம், கேமரா போட்டவர் சிரிக்கல, அவங்க சிரிச்சுட்டாங்க. சிரிக்காத ஆள் வேணும்.” சொல்லிவிட்டுக் கண்டக்டரைப் பார்த்தார். “சாரைக் கட்டிடலாமே?”

“கட்டுங்க சார்” என்றாள் விசிலக்கா. “அவரு சிரிச்சுப் பதினாலு மாசமாச்சு.”

கண்டக்டர் வேகமாகக் கையை நீட்டினார். சிலேட்டு வாசலில் இருந்தது. கையை மடக்கிக்கொண்டு, தன் நெஞ்சிலும் பெல்ட்டைக் கட்டவிட்டார்.

கேமரா மூக்குக்குள் போனது. மருந்து தடவி மரத்திருந்ததால் வலியில்லை. திரையில் ஈரமான சிவப்புக் குகை ஒன்று தெரிந்தது. நடுவில் இரண்டு வெள்ளை நாடாக்கள்.

“இதுதாம்மா உங்க குரல்நாண்.”

“இம்புட்டூண்டா? இதுக்கா எல்லாரும் காதைப் பொத்திக்கிறாங்க?”

சொல்லும்போதே அந்த நாடாக்கள் துடித்தன. இதைத்தானே அவரிடமிருந்து எடுத்தார்கள். இதைத் திரையில் காட்டிக்கொண்டு அவர் எதிரில் எப்படிச் சிரிப்பது?

“சிரிங்கம்மா” என்றார் டாக்டரம்மா. வரவில்லை. வாழ்க்கை முழுக்க வராதே வராதே என்று விரட்டியபோதெல்லாம் வந்த சிரிப்பு, வா என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தபோது வரவில்லை.

டெக்னீஷியன் ஒரு கோப்பைத் திறந்தார். “குழு ஒப்புதல் பெற்ற நகைச்சுவை, எண் ஒன்று” என்று படித்தார். யார் மனதும் புண்படாதபடி ஆறு பேர் சேர்ந்து திருத்திய நகைச்சுவை. சுவர்கூட அசையவில்லை. எண் இரண்டு இன்னும் மோசம். எண் மூன்றைக் கடன் பத்திரம் வாசிப்பது போல வாசித்தார்.

“ஒருவர் பல் டாக்டரிடம் போய், என் பல்லைக் காணோம் என்றார். டாக்டர், கடைசியாக எங்கே வைத்தீர்கள் என்றார். இங்கே மூன்று வினாடி நிறுத்தவும். நோயாளியைப் பார்த்துப் புன்னகைக்கவும். பக்கத்தைத் திருப்பவும்.”

பக்கத்தையும் திருப்பினார். அடுத்த பக்கம் காலி. அந்தக் காலிப் பக்கத்தை அவர் மேலும் கீழும் தேடிய தேடலில் விசிலக்காவின் வயிற்றில் உறுமல் கிளம்பியது. ஒரு விசில், இரண்டு விசில். திரையில் வெள்ளை நாடாக்கள் குதியாட்டம் போட்டன.

“நிறுத்தாதீங்க! நிறுத்தாதீங்கம்மா!” என்று டாக்டரம்மா கத்தினார். பிறந்ததிலிருந்து இப்படி ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை. அதை நினைத்து இன்னும் சிரித்தாள். ஏழு விசில் போனது.

கேமராவை எடுத்த பிறகும் டெக்னீஷியன் திரையை முறைத்துக்கொண்டிருந்தார்.

“மேடம், ரெண்டாவது பெல்ட் ரிப்பேர். சும்மா உக்காந்திருந்த சாரோட கோடும் இதே மாதிரி துள்ளுது. வயரை மாத்திச் சொருகிட்டேனோ?”

வயரைத் தடவிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“பெல்ட் நல்லாத்தான் இருக்கு. சார் சிரிச்சிருக்காரு. அதுவும் உங்களுக்கு ஒன்றரை வினாடி முன்னாடியே ஆரம்பிச்சுட்டாரு.”

விசிலக்கா எழுந்து திரையருகே போனாள். மேலே அவள் கோடு, கீழே அவர் கோடு. இரண்டும் ஒரே துள்ளல்.

“டாக்டர், எனக்காகச் சும்மா தோளைக் குலுக்கினாலும் இப்படித்தானே வரும்?”

“நீங்க பெல்ட்டைக் கட்டிக்கிட்டுச் சிரிக்கிற மாதிரி நடிங்க” என்று டெக்னீஷியனிடம் சொன்னார் டாக்டரம்மா. அவர் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கடமை தவறாமல், “ஹா. ஹா. ஹா” என்றார். கோடு மாடிப்படி மாதிரி மூன்று தடவை ஏறி இறங்கிப் படுத்துக்கொண்டது.

“பாத்தீங்களா? நடிச்சா இப்படி. அவரோடது நிஜச் சிரிப்பும்மா.” பிறகு கண்டக்டரின் கழுத்துத் துணியைத் தூக்கிப் பார்த்தார். “யாரு தச்சது இதை? அட்டை மாதிரி இருக்கே! காத்து இந்த வழியாத்தான் வருது, சிரிப்பும் இந்த வழியாத்தான் வரும். இதுல மோதி அங்கேயே நின்னுடுதே!”

விசிலக்கா அந்தத் துணியின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். பதினாலு மாதம். இரட்டைத் துணி, கேன்வாஸ், இரட்டைத் தையல்.

வாசலில் சிலேட்டு கைக்கு வந்ததும் கண்டக்டர் எழுதினார்: “அப்பவே சொன்னேன்ல?”

வீட்டுக்குப் போனதும் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக மெஷினில் உட்கார்ந்து பழைய துணியைப் பிரித்தெறிந்தாள். மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றை மடிப்பாக, கேன்வாஸ் இல்லாமல், ஓரத்தில் ஒரே ஒரு தையல் போட்டுப் புதிதாக ஒன்று தைத்து அவர் கழுத்தில் கட்டினாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஒருத்தன் பல் டாக்டர்கிட்டப் போனானாம்” என்று டெக்னீஷியனின் முகத்தை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். “இங்கே மூன்று வினாடி நிறுத்தவும்” என்று சொல்லும் முன்பே கண்டக்டரின் கழுத்தில் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. கண்ணில் நீர் முட்ட, அவளும் தொடங்கினாள். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.