பதினெட்டாம் ஊசி

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் மூளைக்கு வேலை கொஞ்சம்தான். எந்த மெஷினுக்கு எந்த ஒயர் பொருந்தும் என்று தலையைப் பிய்த்துக்கொள்வதுதான் பாக்கி முழுக்க. இதில் மாட்டி முழித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் ஆறாம் கிளாஸோடு நின்றவள். மகளுக்கு ஒரு வயது ஆனபோது தம்பானூரில் ஒரு மாடிக் கடையில் கேபிள் செய்யச் சேர்ந்தேன். கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் சேர்க்கிற கேபிள். இரண்டு முனையிலும் இருபத்தைந்து ஊசி, ஒவ்வொன்றிலும் ஒரு ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிலையாக எடுப்பேன் என்று முதலாளி சுகுமாரன் சார் சொல்லியிருந்தார். அப்போது வேலை பார்த்த ஓட்டலில் கொதிக்கிற எண்ணெய் கையில் கொட்டி என் வீட்டுக்காரர் வீட்டோடு இருந்தார். ஒற்றைக் கையால் குழந்தையை அவர்தான் பார்த்துக்கொண்டார். என் வேலை நிலைத்தே ஆக வேண்டும்.

முன்பக்கம், பின்பக்கம்

ஊசிகளை முன்னால் இருந்து பார்த்தால் ஒன்றாம் நம்பர் இடது கோடியில் இருக்கும். பற்றவைப்பதோ பின்னால் இருந்து. அங்கே அதே ஒன்று வலது கோடிக்குப் போய்விடும். முதல் வாரம் இது புரியாமல் ஒரு முனையை முன்னால் பார்த்தும் மறு முனையைப் பின்னால் பார்த்தும் எண்ணி, நாள் முழுக்கக் குனிந்து செய்த கேபிளைத் தலைகீழாக முடித்து வைத்தேன்.

பக்கத்து மேஜை சரோஜம் சேச்சி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். எனக்கோ தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஊசியையும் இரண்டு தடவை எண்ணாமல் நான் ஈயம் வைத்ததில்லை. என்னைச் சின்னப் பெண்ணாகவே கூப்பிடுகிற சேச்சி சொன்னது இவ்வளவுதான்: "சட்டைய உள்புறம் வெளிய போட்டுக்கிட்டு, பையி எங்கடின்னு தேடுத மாதிரி இருக்கே, கொச்சே!"

பம்பாய் கேபிள்

கரமனையில் டுட்டோரியல் நடத்துகிற மணி சார் ஒருநாள் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பிள்ளைகளின் பரீட்சை ஹால் டிக்கெட்டை அதில்தான் அடிக்க வேண்டும். மெஷின் ஒரு கம்பெனி, பிரிண்டர் இன்னொரு கம்பெனி. மெஷினை விற்ற கம்பெனியோ, எங்கள் கேபிளைத்தான் போட வேண்டும், பம்பாயிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டதாம்.

எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான முறை என்று எங்கள் கடைச் சுவரில் ஒரு அட்டை தொங்கும். எந்த ஊசிக்கு என்ன வேலை என்று அதில் இருக்கும். பதினெட்டாம் ஊசிக்கு நேரே ஒன்றும் எழுதியிருக்காது, அதற்கு வேலையில்லை. அந்த மெஷினிலும் இருபத்தைந்து ஓட்டைதான், பார்க்க நம்முடையது மாதிரியேதான். "இதுக்கு எதுக்கு பம்பாய்? இருபத்தஞ்சையும் நேரா இழுத்து விடு கொச்சே" என்று முதலாளி என்னிடம் கொடுத்தார். மணி சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்: "பல்பு எந்தக் கடையில வாங்கினாலும் ஹோல்டர்ல மாட்டறது, இதுக்கு மட்டும் பம்பாய்க்கு நேந்துக்கணுமா ஓய்?"

புகை

முதலில் கடைப் பிரிண்டரை வைத்துப் பார்த்தோம். முதலாளி சுவிட்சைப் போட்டதும் பிரிண்டருக்குள்ளிருந்து வெள்ளையாகப் புகை. முதலாளி என்னைத்தான் பார்த்தார். முதல் வாரத்துத் தலைகீழ் கேபிள் அவருக்கு மறக்கவில்லை. "இரண்டு தடவை எண்ணினேன் சார்" என்று நெஞ்சுக்குள்தான் சொன்னேன், வாய்க்கு வரவில்லை. கேபிளை மூலையில் எறிந்துவிட்டு என்னை ஒயர் தோல் உரிக்க உட்கார்த்தினார். "இந்த மாசம் முடியட்டும். பின்னே நீ வரண்டா, கேட்டோ?" வேலைக்கு வர வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

சுவிட்ச்

மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் எறிந்த கேபிளை எடுத்துப் பிரித்தேன். எண்ணிக்கையில் ஒரு தப்பும் இல்லை. ஒரே ஒரு ஒயரின் தோல் மட்டும் இளகிக் கறுத்திருந்தது. எண்ணினேன். பதினெட்டு. வேலையில்லாத ஊசியில் அந்தக் கம்பெனிக்காரன் கரண்டை விட்டிருக்கிறான்!

யாரிடம் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே மணி சார் தன் பிரிண்டரோடு வந்துவிட்டார். அடுத்த நாள் காலையில் ஹால் டிக்கெட் கொடுக்க வேண்டும். கூடவே மெஷின் கம்பெனியின் ஆள், கழுத்தில் டையோடு. புது கேபிள் சேச்சி செய்தது. அதிலும் இருபத்தைந்தும் நேர். முதலாளி மாட்டினார்.

பேசாமல் இருந்தால் இந்தப் பிரிண்டரும் புகையும். தப்பு என்னுடையதில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், என் வேலையும் தப்பிக்கும். ஆனால் மணி சாரின் பிள்ளைகள்? முதலாளியின் விரல் சுவிட்சுக்குப் போயிற்று. நான் எழுந்து ஓடிப்போய்க் கேபிளைப் பிடுங்கினேன். "பதினெட்டு சார், பதினெட்டு!" என்பதற்கு மேல் வரவில்லை. கறுத்த ஒயரை நீட்டினேன்.

முதலாளி மெஷினை மட்டும் போட்டு, கரண்ட் பார்க்கிற மீட்டரை அதன் பதினெட்டாம் ஓட்டையில் வைத்தார். முள் துள்ளிக்கொண்டு ஏறியது. பிறகு மெஷினை அணைத்து, அந்த ஒரு ஒயரை மட்டும் நறுக்கிவிட்டுக் கேபிளை மாட்டிச் சுவிட்சைப் போட்டார். பிரிண்டர் கரகரவென்று முதல் ஹால் டிக்கெட்டை அடித்துத் தள்ளியது. டை கட்டினவர் கொஞ்சமும் அசராமல் என்னிடம் சொன்னார்: "அது எங்க கம்பெனியோட தனி ஏற்பாடு மேடம், வெளியில எழுதி வைக்கிற வழக்கமில்ல."

மேஜை

அவர்கள் போன பிறகு நான் ஒயர் உரிக்கிற மூலைக்கே போய் உட்கார்ந்தேன். முதலாளி நான் பற்றவைக்கிற ஈயக்கோலை எடுத்துவந்து பழைய மேஜையில் வைத்தார். கூடவே மீட்டரையும். மன்னிப்பெல்லாம் அவர் வாயில் வராது. அந்த விஷயத்தில் அவரும் என்னைப் போலத்தான். "இனி எந்த மெஷின் வந்தாலும் முதல்ல நீ இருபத்தஞ்சையும் தொட்டுப் பாக்கணும். அதுக்கு மூணு மாசமொன்னும் போதாது கொச்சே, எப்பவும் ஓராள் வேணும்."

ஆக, எல்லாக் கம்பெனிக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மாதிரி ஊசி வைக்கச் சம்மதிக்கிற நாள் வரைக்கும் என் வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை.